ஒரு முழத் தூரத்தில் பேசிய மெஷின்

எதிரில் எந்த மெஷினும் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது கம்ப்யூட்டர்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எப்படி இல்லாமல் போகும்? இதோ என் கையில் இருக்கிறதே! ஒரு முழத் தூரத்தில் நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறேனே!

கிள்ளானில், துறைமுகத்துக்குப் போகும் பெரிய சாலையை ஒட்டி ஒரு லோரி கம்பெனியின் ஆபீஸ். திங்கட்கிழமை காலை பத்து மணி. ஏர்கண்டிஷன் ஓடியும் என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. தவுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். முதலாளியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் சீனர். ஆனால் அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்ததால், நம் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்தவர். தமிழில் திட்டினால் அவரை மிஞ்ச ஆளில்லை.

"என்னா தம்பி, மெஷின் வாயத் தொறக்குதா இல்லியா?"

"தொறக்கும் தவுக்கே. ரெண்டு நிமிசம்."

"நீ ஒம்பது மணிலேருந்து ரெண்டு நிமிசம் கேக்குற லா."

மெஷினை விற்க வந்திருந்த சிவநேசன் சார் அது வந்த அட்டைப் பெட்டியை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்து வைத்திருந்தார். மெஷின் பேசினால் அந்தப் பெட்டி குப்பைக்கு. பேசாவிட்டால் அதற்குள்ளேயே போட்டு மூடி எடுத்துப் போய்விடுவார்.

என் நிலைமையும் அதேதான், பிள்ளைகளே. அது பேசினால் நான் கேட்டில் நின்று லோரி கணக்கெடுக்கும் செக்கர். பேசாவிட்டால் அன்று மாலையே தொலைதூர ஜொகூர் லோரியில் ஏற வேண்டும்.

காஜாங் பிள்ளையின் கேள்வி

இந்த வாரம் இதை எழுதக் காரணம், காஜாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழுதிய கடிதம். 'அங்கிள், உங்க காலத்துல கம்ப்யூட்டரோட எல்லாத்தையும் ஒயர்லதான் கட்டி வெச்சிருந்தீங்களா?' என்று கேட்டிருந்தது.

ஆமாம், கட்டித்தான் வைத்திருந்தோம்! பிரிண்டருக்கு ஒரு ஒயர். அது என் கட்டைவிரல் தடிமன் இருக்கும். மௌசுக்கு ஒரு ஒயர். மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் ஒரு கூடை இடியாப்பத்தைக் கொட்டி வைத்தது போல இருக்கும்.

அந்த இடியாப்பத்தின் நடுவில்தான் நான் சொல்லும் பொருள் வந்தது. வயர்லெஸ் அடாப்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதிலிருந்து ஒரு சின்ன ஒயர் கிளம்பிக் கம்ப்யூட்டரின் முதுகில் போய்ச் செருகிக்கொள்ளும். முன்பக்கத்தில் கறுஞ்சிவப்பாக, விரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. அவ்வளவுதான். அந்தக் கண்ணாடி வழியாக நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் போய் வரும். எதிரே அதே மாதிரிக் கண்ணாடி உள்ள இன்னொரு மெஷினை நீட்டினால் இரண்டும் பேசிக்கொள்ளும். ஒயர் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் போதும்!

லோரிகள் நிற்கும் யார்டில் இருந்த மலாய் நண்பர்கள் அதற்கு 'மாத்தா' என்று பெயர் வைத்தார்கள். மலாயில் கண் என்று பொருள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

லாம்புப் பேச்சு

நான் பள்ளியில் படித்தது படிவம் மூன்று வரைக்கும்தான். அதற்குப் பிறகு லோரியில் கெலிண்டான், அதாவது டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சரக்கு ஏற்றி இறக்கும் ஆள். பிறகு லைசென்ஸ் எடுத்து டிரைவர் ஆனேன். இப்படிப்பட்ட ஆளுக்குக் கண்ணாடி வழியாக வெளிச்சம் பேசும் என்பது எப்படிப் புரிந்தது என்று கேட்கலாம்.

லோரிக்காரனுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்!

அப்போது எங்களிடம் கைப்பேசி கிடையாது. எதிரே வரும் லோரி இரண்டு தடவை லாம்பை அடித்தால், முன்னால் எடை பார்க்கிறார்கள் என்று பொருள். ஒரு தடவை நீளமாக அடித்தால் மரம் விழுந்திருக்கிறது, மெதுவாகப் போ. ஒரே ஒரு சிமிட்டு என்றால், சும்மா, நல்லா இருக்கியா. யார் என்றே தெரியாத ஆள் மழைக்குள்ளிருந்து லாம்பால் நலம் விசாரித்துவிட்டுப் போவார். எனக்கு லோரி ஓட்டக் கற்றுக்கொடுத்த காளியண்ணன் மூன்று சிமிட்டு அடிப்பார். அதற்கு என்ன பொருள் என்று கேட்டால், "எனக்குப் பசிக்குதுன்னு அர்த்தம்டா" என்பார்.

பிரிக்பீல்ட்ஸ் மாடியில்

கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்ற ஆசை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆசை இல்லை, பயம். யார்டில் லோரி உள்ளே வந்தால் ஒரு சிட்டு, அதாவது நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு, வெளியே போனால் ஒரு சிட்டு. அந்தச் சிட்டுகளைச் சாயங்காலம் உட்கார்ந்து ஆபீஸ் கிளார்க் லெட்சுமியக்கா கம்ப்யூட்டரில் அடிப்பார். மழையில் நனைந்த சிட்டு, மீன் குழம்பு பட்ட சிட்டு, 3 என்று எழுதியிருக்கிறதா 8 என்று எழுதியிருக்கிறதா என்று தெரியாத சிட்டு. ஒரு நம்பர் தப்பினால் ஒரு கண்டெய்னரையே காணோம் என்று யார்டு முழுக்க ஓட வேண்டும். 'இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்தான்' என்று தவுக்கே சொல்லிக்கொண்டே இருந்தார். கம்ப்யூட்டர் தெரியாத எனக்கு அங்கே என்ன வேலை இருக்கும்?

ஓய்வு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். பூக்கடைக்கு மேலே, மாடியில், ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு. படியேறும்போதே மல்லிகை வாசனையும் கீழே வடை பொரிக்கும் வாசனையும் சேர்ந்து வரும். வகுப்பில் என்னைத் தவிர எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நான் இரண்டு விரலால் அடிப்பேன். என் பெயரை அடித்து முடிப்பதற்குள் ஒரு பெண்பிள்ளை ஒரு பக்கம் முடித்துவிடும். "அங்கிள், அது ஸ்பேஸ் பார், அவ்ளோ பலமா அடிக்காதீங்க" என்று சிரிக்கும்.

அங்கே பாடம் சொன்னவர்தான் சிவநேசன் சார். வார நாளில் அலுவலக மெஷின்கள் விற்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. ஒருநாள் அந்தச் சின்ன மாத்தாவைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் செருகினார். கையில் இன்னொரு மெஷின், பார்க்கப் பெரிய கால்குலேட்டர் போல. அதில் எங்கள் எல்லாருடைய பெயரையும் அடித்தார். மாத்தாவுக்கு நேரே நீட்டினார். 'டிங்' என்று ஒரு சத்தம். என் பெயர் திரையில் வந்து உட்கார்ந்தது!

நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். "சார், இதுல லோரி நம்பர் அடிக்கலாமா?"

"எந்த நம்பரும் அடிக்கலாம், அண்ணே."

"கேட்டுல நின்னுகிட்டே?"

"மழையில நனையாம பாத்துக்கணும். மத்தபடி எங்க நின்னும் அடிக்கலாம்."

மறுநாளே தவுக்கேயிடம் போய் நின்றேன். ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம் என்று அவர் சம்மதித்தார். "ஒனக்கு அந்த மெஷின் ஓட்டத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "நல்லா இருந்துச்சின்னா நீதான் செக்கர். இல்லாட்டி பழையபடி ஜொகூர், ஈப்போ. பேசப்படாது." சரி என்று கையைக் கொடுத்தேன்.

என்னை அடையாளம் தெரியாத பிள்ளை

என் பெரிய மகளுக்கு அப்போது பத்து மாதம். அவளும் இதைப் படிப்பாள், படிக்கட்டும்.

ஜொகூர், ஈப்போ என்று போனால் நான்கு நாளைக்கு ஒரு தடவைதான் வீடு. டீசல் வாடையும் தாடியுமாக வாசலில் நிற்பேன். அவள் என்னைப் பார்த்ததும் உதடு பிதுங்கும், பிறகு வீறிட்டு அழுது அவள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டு மாமாவிடம் போவாள். ரொட்டிக்காரனைப் பார்த்துக் கை ஆட்டுவாள். நான் தூக்கினால் மட்டும் உடம்பை வில்லாக வளைத்துக்கொள்வாள்.

"புது ஆளுன்னு நெனைக்குதுங்க. பழகிடும்" என்றாள் என் மனைவி.

"நாலு நாளைக்கு ஒருக்கா வந்தா எப்பிடிம்மா பழகும்?"

நான் செக்கர் வேலையைக் கேட்டது இதற்காகத்தான். சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை முடியும். ஆறு மணிக்கு வீடு. ஒவ்வொரு நாளும்.

சனிக்கிழமை ஆயுத பூஜை

அந்த ஒரு மாதமும் பகலில் கேட், இரவில் பக்கத்து ஊர் லோடு; நான் வீடு போகும்போது பிள்ளை தூங்கியிருக்கும். ஆனால் மாத்தா ஒருநாளும் என்னைக் கைவிடவில்லை. நனைந்த சிட்டு இல்லை, காணாமல் போன கண்டெய்னர் இல்லை. லெட்சுமியக்கா நான்கரைக்கே கைப்பையை மாட்டிக்கொண்டு, "இந்த மெஷினுக்குக் கோயில் கட்டலாம்டா" என்றார். திங்கட்கிழமை சிவநேசன் சார் வந்து தவுக்கே முன்னால் ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிட்டால் முடிவு.

அதற்கு முன்னால் சனிக்கிழமை ஆயுத பூஜை வந்தது.

லோரி கம்பெனி ஆயுத பூஜையைப் பார்த்திருக்கிறீர்களா? தீபாவளி தோற்றுப்போகும்! காலையிலிருந்தே லோரிகளைக் கழுவித் துடைத்து வரிசையாக நிறுத்துவோம். முன்னால் வாழைக்கன்று, நெற்றியில் மாலை, லாம்பு இரண்டிலும் சந்தனம் குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். தவுக்கே புதுச் சட்டை போட்டுக்கொண்டு தானே பூசணிக்காய் உடைப்பார். வேறு யாரையும் விடமாட்டார். பிறகு எல்லா லோரியும் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு பழத்தை நசுக்கி நகரும்போது சாலையில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

அன்று மத்தியானம் கடைசியாக ஒருமுறை மாத்தாவை ஓட்டிப் பார்த்தேன். 'டிங்'! அருமை. சாயங்காலம் யார்டில் பூஜை முடிந்ததும், லெட்சுமியக்கா சந்தனக் கிண்ணத்தோடு ஆபீஸுக்குள் போனார். நானும் பின்னால் போனேன். டைப்ரைட்டர், தொலைபேசி, மேசை விசிறி, கல்லாப்பெட்டி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு விழுந்தது. பொரியும் கடலையும் சாப்பிட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போனோம்.

மறுபடியும் பத்து மணி

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். எதிரில் எந்த மெஷினும் இல்லை என்கிறது கம்ப்யூட்டர்.

பேட்டரியை மாற்றினேன். இல்லை. ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அது மெதுவாக முழித்து எழுந்து, மறுபடியும் இல்லை என்றது. வெயில் பட்டால் சில நேரம் தடுக்கும் என்றார் சிவநேசன் சார். லெட்சுமியக்கா உடனே தன் சால்வையை எடுத்து ஜன்னலில் கட்டினார். ஆபீஸ் இருட்டானது. மாத்தா மட்டும் அசையவில்லை.

"சனிக்கெழமை பேசுச்சி சார். சத்தியமா பேசுச்சி."

"நான் நம்புறேன் அண்ணே. ஆனா இப்ப பேசலியே" என்றார் சிவநேசன் சார். அவர் குரல் தணிந்திருந்தது. அட்டைப் பெட்டியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

தவுக்கே கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, ஜொகூருக்கு நாலு மணி லோரி இருக்கு."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? பேசப்படாது என்று கையைக் கொடுத்தவன் நான்தானே.

அப்போது காளியண்ணன் உள்ளே வந்தார். நேரே லெட்சுமியக்கா மேசைக்குப் போய், "தங்கச்சி, பழைய துணி ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

"எதுக்குண்ணே?" என்று கேட்டுக்கொண்டே அக்கா ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"காலையில இருட்டோட ஏறுனேன். லாம்பு வெளிச்சமே வரல. பல்புதான் போச்சோன்னு எறங்கிப் பாத்தா, எந்தப் புண்ணியவானோ சந்தனத்த அப்பி வெச்சிருக்கான், கண்ணாடி முழுக்க! நேத்து வெயில்ல காஞ்சி சிமிண்டு மாதிரி ஆயிடுச்சி."

நான் அப்படியே நின்றேன். என் கட்டைவிரலைப் பார்த்தேன்.

பிறகு ஒரே பாய்ச்சல்! கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் அலமாரித் தட்டுக்குக் கீழே இருந்த மாத்தாவை ஒயரோடு பிடுங்கி எடுத்து ஜன்னல் பக்கம் ஓடி, சால்வையை விலக்கினேன். கறுஞ்சிவப்புக் கண்ணாடி. அதன்மேல் சந்தனம், நடுவில் குங்குமம், கெட்டியாகக் காய்ந்திருந்தது. அந்த அறையில் எல்லா மெஷினுக்கும் பொட்டு இருந்ததால், இதற்கும் பொட்டு இருப்பது எங்கள் ஒருவர் கண்ணிலும் தப்பாகப் படவில்லை.

காளியண்ணன் கையிலிருந்த துணியைப் பிடுங்கினேன். பூஜைப் பொட்டைத் துடைக்கலாமா என்று ஒரு நொடி கை தயங்கியது. 'சாமி, மன்னிச்சிக்க' என்று சொல்லி, துணியில் எச்சில் தொட்டு, தேய்த்தேன். கண்ணாடி பளிச்சென்று வந்தது. ஒயரைச் செருகிப் பழைய இடத்தில் வைத்தேன். கைமெஷினை நீட்டினேன்.

'டிங்!'

காலையில் உள்ளே வந்த லோரிகள், ஒவ்வொரு நம்பராகத் திரையில் இறங்கின. ஒன்று, இரண்டு, ஏழு, பதினொன்று! லெட்சுமியக்கா கைதட்டினார். காளியண்ணனுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது, இருந்தாலும் அவரும் தட்டினார். சிவநேசன் சார் குனிந்து மாத்தாவைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "அண்ணே, நான் படிச்ச எந்தப் புத்தகத்துலயும் இந்த ரிப்பேர் இல்ல!"

தவுக்கே மட்டும் சிரிக்கவில்லை.

யார் வைத்தது?

"எல்லா மெஷினுக்கும் நெத்தியில வெச்சீங்க. இதுக்கு மட்டும் கண்ணுல வெச்சது யாரு?"

இந்த இடத்தை வீட்டில் சொல்லும்போதெல்லாம் நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லி வந்திருக்கிறேன். இந்த வாரம் உள்ளபடி எழுதுகிறேன்.

லெட்சுமியக்கா என்னைப் பார்த்தார். பிறகு, "நான்தான் தவுக்கே. சந்தனக் கிண்ணம் என் கையிலதானே இருந்துச்சி. எது நெத்தி, எது கண்ணுன்னு எனக்கு எங்க தெரியும் லா" என்றார்.

வைத்தது நான். மற்ற எல்லாவற்றுக்கும் அவர் வைத்தார். இதற்கு மட்டும், "அக்கா, இது என் மெஷின், நான் வெக்கிறேன்" என்று கிண்ணத்தை வாங்கினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நெற்றி மாதிரி இருந்த இடம் அது ஒன்றுதான். லோரிக்கு வைத்துப் பழகிய கை. கட்டைவிரலால் நன்றாக அழுத்தி, மாத்தாவை மனமார வேண்டிக்கொண்டு வைத்தேன்.

அன்று நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஜொகூர் லோரி கண்முன்னால் நின்றது, சும்மா இருந்துவிட்டேன். அக்காவிடம் பிறகு தனியாக மன்னிப்புக் கேட்டேன். "போடா, எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். ஒன் பொண்ணுக்கு ஒன்னயப் பழக்கமில்லியே" என்றார்.

சில வருடம் கழித்து தவுக்கேயிடமும் சொன்னேன். அவர் தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "அன்னிக்கே தெரியும். இவ்ளோ பெரிய பொட்டு. லெட்சுமி வெரலு அவ்ளோ பெருசா?"

காலிப் பெட்டி

மாத்தா தங்கிவிட்டதால் அதன் அட்டைப் பெட்டி மிஞ்சியது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, வெளியே நீலப் படம், தூக்கித் திறந்து மூடும் மூடி. குப்பையில் போட மனம் வரவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனேன். வெயில் இன்னும் சுவரில் இருந்தது.

என் மகள் என்னைப் பார்த்தாள். அழுதாள்.

செவ்வாய்க்கிழமையும் அழுதாள். புதன்கிழமை அழவில்லை, ஆனால் அவள் அம்மாவின் கால்களுக்குப் பின்னால் தவழ்ந்து போய் ஒளிந்துகொண்டாள். வியாழக்கிழமை நான் அவளைத் தூக்கப் போகவில்லை. குளித்துவிட்டு வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். ஒரு முழம் தள்ளி. பேசவில்லை, அசையவில்லை. பெட்டியை எடுத்து நடுவில் வைத்தேன்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தவழ்ந்து வந்து மூடியைத் தூக்கினாள். உள்ளே ஒன்றுமில்லை. குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, என் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்து, பெட்டிக்குள் வைத்து, மூடியைச் சாத்தி, அதன்மேல் தன் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.